கையெழுத்து மட்டும்

பழுப்பு உறையைக் கவிழ்த்தால் மேஜைமேல் ஒரு காசோலை விழுகிறது. சட்டைப்பையில் மடித்து வைக்கலாம், அவ்வளவுதான் அளவு. முன்பக்கத்தில் ஐந்து இடங்களில் பேனா பட்டிருக்கிறது: தேதி, பெயர், எழுத்தால் தொகை, எண்ணால் தொகை, கையெழுத்து. முதல் நான்கும் நீல ஜெல் பேனா. கையெழுத்து மட்டும் கறுப்பு பால்பாயிண்ட். இடது ஓரத்தில் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிய இரண்டு துளைகள். பின்பக்கம் போட்டவரின் கணக்கு எண், வங்கி முத்திரை, அதற்குக் கீழே நீதிமன்ற முத்திரை. அந்த முத்திரைக்குள் பெஞ்ச் கிளார்க் கையால் எழுதியிருக்கிறார்: சான்றாவணம் 1.

இந்தக் காசோலை நான் கற்பனையில் கட்டியது. அதன் சொந்தக்காரரும் கற்பனை. ஆனால் அது நின்று வந்த இடங்கள் எல்லாம் உண்மை. தினமும் ஆயிரக்கணக்கான காசோலைகள் அதே இடங்களில் இறங்கி ஏறுகின்றன. 2019 முடிவில் நாட்டின் நீதிமன்றங்களில் நிலுவையில் இருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் செக் கேஸ்கள் என்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் கணக்குச் சொன்னது. ஏழு கிரிமினல் வழக்குகளில் ஒன்றுக்கும் மேல், இந்தக் கையகலக் காகிதத்தால் வந்தது.

காசோலை திரும்பியதால் வரும் இந்த வழக்குக்குக் கோர்ட் வளாகத்தில் ஒரே பெயர்தான்: 'நூத்தி முப்பத்தெட்டு'. அந்த எண்ணுக்குப் போகுமுன் காகிதம் எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்போம்.

அச்சகம்

காசோலை பாதுகாப்பு அச்சகத்தில் பிறக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் 'சி.டி.எஸ். இந்தியா' என்ற நீர்க்குறி தாளுக்குள் தெரியும். புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் அதுவரை கண்ணுக்குப் படாத வங்கிச் சின்னம் ஒளிரும். ஜெராக்ஸ் எடுத்தால் நகலில் 'வாய்டு' என்ற எழுத்து எழும்பி வரும். ரிசர்வ் வங்கி வகுத்த சி.டி.எஸ். (செக் ட்ரங்கேஷன் சிஸ்டம்) 2010 தரத்தின் கட்டளைகள் இவை.

அடிப்பகுதியில் ஒரு வெள்ளைப் பட்டை. அதில் காந்த மையில், கோணல் கோணலாக எண்கள். முதல் ஆறு இலக்கம் காசோலையின் எண். அடுத்த ஒன்பது இலக்கத்தில் ஊர், வங்கி, கிளை மூன்றும் அடக்கம். ஊர் எண் பின்கோடின் தலையைப் போலவே இருக்கும்: சென்னைக்கு 600, மதுரைக்கு 625, கோவைக்கு 641.

நம் காசோலையின் எண் 000417 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இத்தனை ஏற்பாடும் ஒரே கேள்விக்கு விடை சொல்லத்தான்: தாள் அசலா, போலியா? தாளின்மேல் எழுதியது யார், என்ன பேசி எழுதினார்கள் என்பதைச் சொல்ல எந்த நீர்க்குறியும் கிடையாது. செக் கேஸ்களில் பாதித் தகராறு அந்தப் பேச்சைப் பற்றியது.

பீரோ

பள்ளிபாளையத்தில் எட்டுத் தறி வைத்திருப்பவர் ஒருவர். நூல் எடுப்பது ஈரோட்டில். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கடை. 2023 தொடக்கத்தில் மூன்று லட்ச ரூபாய்க்கு நூல் கடனாக வேண்டியிருந்தது. கடைக்காரரும் மறுக்கவில்லை.

"கையெழுத்து மட்டும் போட்டு ரெண்டு லீஃப் குடுத்துட்டுப் போங்கண்ணா. சும்மா ஒரு ஜாமீனுக்குத்தானுங்க."

"தேதி, தொகை எல்லாம்?"

"அதெல்லாம் எதுக்குங்க? பணம் வந்தா திருப்பிக் குடுத்துடப் போறோம்."

மேஜைமேல் கிடந்த கறுப்புப் பேனாவால் இரண்டு கையெழுத்து. 417, 418. காசோலைப் புத்தகத்தின் முன்னால் எந்த எண், எந்தத் தேதி, யாருக்கு, எவ்வளவு என்று குறித்துக்கொள்ள ஒரு தாள் இருக்கும். அதில் 416-க்கு நேரே மின் கட்டணம் என்று எழுதியிருக்கிறார். 419-க்கு நேரே தறிச் சாமான் கடை. நடுவில் இரண்டு வரி வெற்றாகவே இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை அவை செலவாகவில்லை, அதனால் எழுதவும் தோன்றவில்லை.

கடைக்காரரின் பீரோவில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. வெவ்வேறு வங்கி, வெவ்வேறு கையெழுத்து, எல்லாம் வெற்றுக் காசோலைகள். 417-உம் 418-உம் அதில் போய்ச் சேர்ந்தன.

இந்த இடத்தில் இரண்டு பழைய சட்டங்கள் ஒரே காகிதத்தை இரண்டு விதமாகப் பார்க்கின்றன.

1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் போலி ஆவணத்தை விளக்கும்போது சில உதாரணங்கள் தந்தது. ஒருவர் கையெழுத்திட்டு, தொகை போடாத காசோலை ஒன்றை இன்னொருவர் கண்டெடுத்து, மோசடியாகப் பத்தாயிரம் என்று நிரப்பினால் அது ஃபோர்ஜரி. கையெழுத்திட்டவரே தன் ஏஜெண்டிடம் காசோலையைக் கொடுத்து, பத்தாயிரத்துக்கு மேல் போடாதே என்று சொல்லியிருக்க, அவர் மோசடியாக இருபதாயிரம் போட்டால் அதுவும் ஃபோர்ஜரி. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 335-ஆம் பிரிவிலும் இந்த உதாரணங்கள் தொடர்கின்றன. கையெழுத்து அசலாக இருந்தாலும் காசோலை போலி ஆவணம் ஆக முடியும் என்பது இதன் சாரம்.

1881-இல் வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பார்வை வேறு. கையெழுத்து மட்டும் போட்டு ஒரு ஆவணத்தை நீட்டினால், வாங்கியவர் மிச்சத்தை நிரப்பிக்கொள்ள நீங்களே அனுமதி தந்ததாக அது எடுத்துக்கொள்ளும். கையெழுத்து உங்களுடையது என்றால், கடன் ஒன்று இருந்தது, அதை அடைக்கத்தான் கொடுத்தீர்கள் என்று அனுமானிக்கும். வெற்றுக் காசோலையாகவே கொடுத்திருந்தாலும், வேறொருவர் நிரப்பியிருந்தாலும், இந்த அனுமானம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு (கோர்ட் மொழியில் 'எதிரி') எதிராகவே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. 2021-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும் அதையே உறுதி செய்தது.

அதனால் வக்கீல் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் "சார், இது ஃபோர்ஜரி, நான் எழுதவே இல்லை, வேற கையெழுத்து, வேற மை" என்று படபடப்பவரிடம் வக்கீல் முதலில் கேட்பது: "கீழே போட்டிருக்கிற கையெழுத்து உங்களுதா?" ஆமாம் என்றால் எழுத்தும் மையும் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. "எவ்வளவு வரைக்கும், எதுக்காக நிரப்பலாம்னு பேசிக்கிட்டீங்க? அந்தப் பேச்சுக்கு என்ன ஆதாரம்?" அடுத்த கேள்வி இதுதான். 1860-ன் உதாரணத்தில் 'பத்தாயிரத்துக்கு மேல் போடாதே' என்ற பேச்சு நமக்கு முன்கூட்டியே தெரியும். சட்டம் எழுதியவரே சொல்லிவிட்டார். ஈரோட்டு நூல் கடையில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

'ஜாமீனுக்குக் கொடுத்த செக்தானே' என்ற ஒற்றை வாதமும் நிற்காது. ஜாமீனாகக் கொடுத்த காசோலை வெறும் காகிதம் ஆகிவிடாது. கடன் தவணை முடிந்தும் அடையாமல் இருந்தால் அதை வங்கியில் போடலாம் என்பது 2021-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை.

தறிக்காரர் அதற்குள் இரண்டு தடவை பணம் கொடுத்திருந்தார். ஒரு லட்சம், ஒரு லட்சம், இரண்டும் ரொக்கம். "வரவு வெச்சுக்கறேனுங்க" என்றார் கடைக்காரர். ரசீது கேட்கத் தறிக்காரருக்குக் கூச்சம்.

கிளியரிங்

2025 பிப்ரவரியில் பீரோ திறந்தது. 417-இல் நீல மை ஏறியது: நாலரை லட்சம்.

தேதி போட்ட பிறகுதான் காசோலைக்கு ஆயுள் தொடங்குகிறது. ஒரு காலத்தில் ஆறு மாதம். 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம்தான். இரண்டு வருடம் பீரோவில் தூங்கியது அந்த ஆயுள் கணக்கில் சேராது, ஏனென்றால் தேதியின் இடம் அதுவரை காலி.

கடைக்காரர் தன் வங்கியில் போட்டார். முன்பெல்லாம் கட்டுக் கட்டாகக் காசோலைகள் கிளியரிங் ஹவுசுக்குப் போய், அங்கே பிரிந்து, எழுதியவரின் கிளைக்குப் பயணப்படும். 2011 செப்டம்பரில் சென்னையில் சி.டி.எஸ். முறை வந்த பிறகு பயணம் போவது படம் மட்டுமே. போட்ட வங்கியின் ஸ்கேனர் முன்பக்கத்தை இரண்டு விதமாகவும் பின்பக்கத்தை ஒரு முறையும் எடுத்து, மூன்று படங்களை அனுப்பும். காகிதம் போட்ட இடத்திலேயே தங்கிவிடும். 2025 அக்டோபர் முதல் காசோலைகள் நாள் முழுக்கத் தொடர்ச்சியாகக் கிளியர் ஆகின்றன. காலையில் போட்டதற்கு அன்று மாலைக்குள் பதில் வந்துவிடும்.

எழுதியவரின் வங்கியில் ஒரு பணியாளர் திரையில் படத்தைப் பார்க்கிறார். பக்கத்திலேயே மாதிரிக் கையெழுத்து. ஒத்துப்போகிறது. கணக்கில் பதினோராயிரம் இருக்கிறது. நாலரை லட்சம் இல்லை. ரிட்டர்ன் மெமோ ஒன்று பிறக்கிறது: போதிய பணம் இல்லை. கடைக்காரரின் வங்கியில் 417-ஓடு அதைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து அவரிடம் நீட்டுகிறார்கள். நாம் முதலில் பார்த்த துளைகள் அப்போது விழுந்தவை.

'பணம் இல்லை' என்று எழுதி வந்தால்தான் வழக்கு என்று பலர் நம்புகிறார்கள். 'ஸ்டாப் பேமென்ட் குடுத்துட்டா தப்பிச்சுக்கலாம்', 'கணக்கையே மூடிட்டா என்ன பண்ணுவாங்க' என்ற டீக்கடை யோசனைகளை உச்ச நீதிமன்றம் தொண்ணூறுகளின் இறுதியிலேயே அடைத்துவிட்டது. திரும்பிய காசோலைக்கு வழக்குப் போட இடம் தரும் 1881 சட்டத்தின் 138-ஆம் பிரிவுக்குள் இரண்டும் வரும். வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டுத் திரும்ப வைத்தாலும் அதே பிரிவுதான் என்று 2012-இல் சொல்லிவிட்டது.

வேறொரு தடம்

மெமோவில் 'கையெழுத்து மாறுபடுகிறது' என்று இருந்து, அது நிஜமாகவே வேறொருவர் போட்டதாக இருந்தால், கதை இங்கே வேறு தண்டவாளத்துக்கு மாறும்.

138 போலீஸ் வழக்கு இல்லை. பணம் வர வேண்டியவர் தானே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்து நடத்த வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றம். தண்டனை அதிகபட்சம் இரண்டு வருடம் அல்லது காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஃபோர்ஜரி அப்படி இல்லை. காசோலை என்பது மதிப்புள்ள பிணையம். அதைப் போலியாக உருவாக்கினால் பழைய தண்டனைச் சட்டத்தின் 467, இன்றைய சன்ஹிதாவின் 338: பத்து வருடம் வரை, ஆயுள் தண்டனை வரைகூடப் போகும். ஏமாற்றும் நோக்கத்தில் செய்தால் பழைய 468, இன்று 336-இன் உட்பிரிவு. ஏழு வருடம் வரை. போலி என்று தெரிந்தே அசல்போல் நீட்டினால் அது தனிக் குற்றம்.

போலிக் கையெழுத்தை நிபுணர் எப்படிப் பிடிக்கிறார்? சரியாக இல்லாததால் என்று நினைப்போம். பல சமயம் மிகச் சரியாக இருப்பதால். யாரும் இரண்டு தடவை ஒரேமாதிரி கையெழுத்துப் போட முடியாது. இரண்டு கையெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் பொருந்தினால், ஒன்று மற்றொன்றின்மேல் வைத்து இழுத்தது என்று சந்தேகம் வரும். உருப்பெருக்கியில் கோடு நடுங்கியிருக்கும். ஓடிப்போக வேண்டிய வளைவில் பேனா நின்று தூக்கிய இடம் தெரியும். விட்டுப்போன சுழியைப் பிறகு தொட்டுத் திருத்திய தடம் இருக்கும். சொந்தக் கையெழுத்தை நாம் வேகமாகப் போடுகிறோம். திருடுகிறவர் வரைகிறார்.

இன்னொரு வழி, கையெழுத்தைத் தொடாமல் மற்றதை மட்டும் அழிப்பது. சூடு பட்டால் மறையும் மைப் பேனாக்கள் கடையில் கிடைக்கின்றன. அந்தப் பேனாவை நீட்டி 'இதுல எழுதுங்க' என்று சொல்லி, கையெழுத்துக்கு மட்டும் உங்கள் பேனாவை விட்டுவிட்டால் போதும். காசோலை எழுத எப்போதும் சொந்தப் பேனா என்ற பழைய வங்கிக்காரர்களின் பிடிவாதத்துக்குப் புதிய காரணம் இது. எழுதியவர் சம்மதம் இல்லாமல் தொகையையோ பெயரையோ மாற்றிய காசோலை 1881 சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி செல்லாது. ஐம்பதாயிரமும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் விவரத்தை வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் 'பாசிட்டிவ் பே' ஏற்பாடு 2021 ஜனவரி முதல் இருப்பதும் இந்த அழிப்பு வேலையைத் தடுக்கத்தான்.

போலிக் கையெழுத்துக்கு வங்கி பணம் கொடுத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், ஒரு கம்பெனியின் காசோலைப் புத்தகம் கணக்கரின் பொறுப்பில் இருந்தது. அவர் 42 காசோலைகளில் நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போட்டு மூன்று லட்சத்துக்கும் மேல் எடுத்துவிட்டார். பாஸ்புத்தகத்தை ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டாமா என்றது வங்கி. கையெழுத்து போலி என்றால் அது வாடிக்கையாளரின் உத்தரவே ஆகாது, பணத்தை வங்கிதான் திருப்பித் தர வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஃபோர்ஜரி குற்றச்சாட்டில் சிக்கியவருக்கும் சட்டம் ஒரு பிடிமானம் வைத்திருக்கிறது. போலி ஆவணத்தை உருவாக்கியவர் இவர்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதனால் பலன் அடைந்தார் என்பது மட்டும் ஃபோர்ஜரிக்குப் போதாது என்று 2018-இல், இதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. கையெழுத்து போட்டவரின் கையைக் காட்டாமல் பையை மட்டும் காட்டினால் அரசுத் தரப்புக்கு வழக்கு நிற்காது.

நம் 417-இன் கையெழுத்து அசல். அது பழைய தடத்திலேயே போகட்டும்.

நோட்டீஸ்

மெமோ கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடுகிறது. செக் கேஸ் வக்கீலின் குமாஸ்தாவுக்கு இது தூக்கத்திலும் மனப்பாடம்: முப்பது, பதினைந்து, ஒரு மாதம்.

மெமோ மார்ச் 5-இல் வந்தது. முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் 4-க்குள், பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். போனது மார்ச் 20. தறிக்காரர் கையில் மார்ச் 24. அதிலிருந்து பதினைந்து நாள் அவருக்கு அவகாசம். ஏப்ரல் 8 முடிய. அதற்குள் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. காசோலை திரும்பியது குற்றம் ஆகாது; நோட்டீசுக்குப் பிறகும் கட்டாமல் இருப்பதில்தான் குற்றம் முழுமை அடைகிறது. கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் ஆக வேண்டும். பதினைந்து நாள் முடியும் முன்பே அவசரப்பட்டுப் போட்ட புகாரும் செல்லாது. தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி யாரும் வண்டி ஓட்டுவதில்லை. நோட்டீஸ் கெடு தப்பினாலும் காசோலைக்கு ஆயுள் மிச்சம் இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி மெமோ வாங்கி, கடிகாரத்தைப் புதிதாக ஓட்டலாம். 2012-இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு அதற்கு வழி விட்டிருக்கிறது.

தபால்காரரைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்வது நம் ஊரில் பழைய தற்காப்பு. பலிக்காது. சரியான முகவரிக்கு அனுப்பி, 'வாங்க மறுத்தார்' என்று திரும்பினால், கொடுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பதினைந்து நாளில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு: வாயை மூடிக்கொண்டு இருப்பது. நோட்டீசுக்குப் பதில் கொடுக்காமல், இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறி 'ஜாமீனுக்குக் கொடுத்தது, இரண்டு லட்சம் திருப்பிவிட்டேன்' என்றால், இதை அப்போதே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு விடை இருக்காது. தறிக்காரரின் மகள் கல்லூரியில் படிப்பவள். "எதுவானாலும் எழுதி அனுப்பிடலாம்ப்பா" என்றாள். ஒரு பக்கப் பதில் நோட்டீஸ் போனது. 2023-இல் கொடுத்த இரண்டு லீஃப், எண்கள், கடன் மூன்று லட்சம், திருப்பியது இரண்டு லட்சம். நூல் கடையில் காற்றோடு போன பேச்சு முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது அன்றுதான்.

கூண்டு

எந்த ஊர் நீதிமன்றம் என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. எழுதியவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, லட்சக்கணக்கான வழக்குகள் ஊர் மாற வேண்டிய நிலை வந்தது. 2015-இல் சட்டத்தையே திருத்தி, கணக்கில் போடும் காசோலைக்குப் பணம் வாங்குபவரின் வங்கிக் கிளை இருக்கும் இடம் என்று மாற்றினார்கள். அதனால் தறிக்காரர் வாய்தாவுக்கு வாய்தா காவிரிப் பாலத்தைத் தாண்டினார். வராத நாளில் ஒரு பிடிவாரண்ட், அதை ரத்து செய்ய ஒரு மனு. தறி ஓடாத நாள்கள் தனிக் கணக்கு.

138-ஆம் பிரிவு முதலில் 1881 சட்டத்தில் இல்லை. 1988-இல் சேர்த்து 1989 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது. காசோலையை நம்பி வாங்கும் பழக்கம் வளர வேண்டும் என்பது நோக்கம். அப்போது தண்டனை ஒரு வருடம்; 2002 திருத்தம் இரண்டாக்கியது. வழக்கு இழுத்துக்கொண்டே போகிறதே என்று 2018-இல் இன்னொரு திருத்தம்: வழக்கு முடியும் முன்பே தொகையில் இருபது சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லலாம். குற்றத்தின் உடை கிரிமினல். உள்ளே இருப்பது கடன் பாக்கி. உச்ச நீதிமன்றமே 2021-இல் இதை ஓநாய்த் தோல் போர்த்த ஆட்டுக்கு ஒப்பிட்டது.

கூண்டில் எதிரி எவ்வளவு நிரூபிக்க வேண்டும்? சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் சுமை அவருக்கு இல்லை. தான் சொல்வது நடந்திருக்கக் கூடியதுதான் என்று நீதிபதி ஏற்கும் அளவுக்குக் காட்டினால் போதும். அதற்குத் தானே சாட்சி சொல்ல வேண்டும் என்றும் இல்லை. புகார்தாரரின் வாயிலிருந்தே அதை எடுக்கலாம். அவ்வளவு பணம் கடன் கொடுக்க அவருக்கு வசதி இருந்ததா என்ற கேள்வியிலேயே ஒரு எதிரி விடுதலையானதை 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இருபதாயிரமும் அதற்கு மேலும் ரொக்கக் கடன் வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம், ஆகவே கடனே செல்லாது என்ற வாதம் மட்டும் எடுபடாது. 2025-இல் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

மையின் வயதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மனுப் போடுபவர்கள் ஏராளம். கறுப்பு 2023, நீலம் 2025 என்று தெரிந்துவிட்டால் போதாதா? 2010-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி வந்தபோது, எழுத்தின் வயதைத் துல்லியமாகச் சொல்லும் அறிவியல் முறை இல்லை என்று தடயவியல் துறை அதிகாரியே தெரிவித்தார். மை பேசாது.

எண் பேசும். தறிக்காரரின் வக்கீல் குறுக்கு விசாரணையில் கையில் எடுத்தது ஒரு வங்கி ஸ்டேட்மென்ட்.

"இந்த செக்கை எதிரி உங்களுக்கு எப்போ எழுதிக் கொடுத்தார்?"

"2025 பிப்ரவரியில."

"அப்பவே எழுதி, அப்பவே கொடுத்தார்?"

"ஆமாங்க."

"416-ஆம் நம்பர் செக் 2023 ஜனவரியிலயே பாஸ் ஆயிருக்கு. 419 அதே வருஷம் பிப்ரவரியில பாஸ் ஆயிருக்கு. அந்தப் புத்தகம் முழுக்க 2023-லயே தீர்ந்துபோச்சு. நடுவுல 417, 418 ரெண்டு மட்டும் ரெண்டு வருஷம் அவர்கிட்ட இருந்ததா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"418 எங்கே இருக்கு?"

கடைக்காரர் தன் வக்கீலைப் பார்த்தார். நீதிபதி சுருக்கெழுத்தாளரைப் பார்த்தார். பிறகு நூல் பில் எத்தனைக்கு, லெட்ஜரில் மூன்று லட்சம் நாலரை ஆனது எந்தப் பக்கத்தில், வட்டி எத்தனை பைசா என்று கேள்விகள் தொடர்ந்தன. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அந்தச் சொல்லை வக்கீல் ஒரு தடவைதான் உச்சரித்தார். பாதிப் பணம் திருப்பிய பிறகு, அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால் 138 குற்றம் ஆகாது என்ற 2022 தீர்ப்பின் நகலும் கட்டில் ஏறியது.

இதனால் வழக்கு ஜெயித்துவிட்டதா என்றால், இல்லை. ரொக்கமாகக் கொடுத்த இரண்டு லட்சத்துக்கு இன்னும் ஆதாரம் இல்லை. ஒரு லட்சம் பாக்கி இருப்பதை எதிரியே பதில் நோட்டீசில் ஒப்புக்கொண்டிருக்கிறார். எண் சொன்னது இதை மட்டும்தான்: காசோலை கைமாறியது 2023-இல், தொகை ஏறியது வேறொரு நாளில். ஆனால் அவ்வளவும் சொன்ன பிறகு, இரு தரப்பும் மர நிழலில் நின்று பேசத் தொடங்கினார்கள். செக் வழக்கை எந்தக் கட்டத்திலும் ராஜி பண்ணிக்கொள்ள 147-ஆம் பிரிவு இடம் தருகிறது.

ரெக்கார்டு ரூம்

லோக் அதாலத்தில் முடிந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரம், மூன்று தவணை. லோக் அதாலத்தின் தீர்வு சிவில் நீதிமன்ற டிகிரிக்குச் சமம், செக் கேஸிலிருந்து வந்தாலும் அப்படியே என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடனாகக் கிளம்பி, குற்றமாக நின்று, கடைசியில் மறுபடி கடனாகவே வீடு திரும்பியது விவகாரம். ஓநாய்த் தோலைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டார்கள்.

417 திரும்பவில்லை. அது சான்றாவணம் 1. மெமோ, நோட்டீஸ், தபால் ஒப்புகை அட்டை, பதில் நோட்டீஸ் எல்லாம் சேர்த்து நூல் கோத்த கட்டில், ரெக்கார்டு ரூமின் இரும்பு அலமாரியில் இடம் பிடித்தது. அழிக்கும் தேதி வரும்வரை அங்கே இருக்கும்.

கையெழுத்துப் போடும் நேரத்தில் தறிக்காரரின் வக்கீல் பேனாவை நிறுத்தினார். "418-ஆம் நம்பர் லீஃபைத் திருப்பிக் கொடுத்தாச்சுன்னு ஒரு வரி சேருங்க. லீஃபையும் இங்கேயே கொடுங்க." கடைக்காரர் தேடிப் பார்க்கிறேன் என்றார். தேடி எடுத்து வரும்வரை யாரும் கையெழுத்துப் போடவில்லை. மதியத்துக்கு மேல் வந்தது.

தறிக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். கறுப்பு மையில் தன் கையெழுத்து. தேதி இல்லை, பெயர் இல்லை, தொகை இல்லை. 2023-இல் கொடுத்தபோது இருந்ததுபோலவே இருந்தது. குறுக்கே இரண்டு கோடு இழுத்து 'கேன்சல்டு' என்று எழுதினார். வீட்டுக்குப் போனதும், தீர்ந்துபோன அந்தக் காசோலைப் புத்தகத்தைத் தேடி எடுத்து, 418-க்கு நேரே வெற்றாக இருந்த வரியில் தேதி போட்டு எழுதினார்: திரும்பி வந்தது.

மேல் வரியில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.